தானே முளைக்கும் சுவர்: அயனிகளைத் தேர்ந்து விடும் கனிமச் சவ்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். பி.யூ. கல்லூரியில் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) பல வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பாடப்புத்தகம் இரண்டு வரியில் தாண்டிப் போகும் விஷயங்களை நிதானமாகச் செய்து பார்க்க வேண்டும் என்றுதான் இந்த வகுப்பைத் தொடங்கினேன். இந்த வருடம் நாங்கள் எடுத்துக்கொண்டது, இரண்டு உப்புக் கரைசல்கள் சந்திக்கும் இடத்தில் தானாக உருவாகும் கனிமச் சவ்வு. உப்பு நீரில் கரையும்போது மின்னூட்டம் ஏந்திய துகள்களாகப் பிரிகிறதே, அவைதான் அயனிகள். சவ்வு எந்த அயனியை விடுகிறது, எதை நிறுத்துகிறது, ஏன்? பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவந்த பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கனிம வீழ்படிவுச் சவ்வு என்கிறீர்களே, அதை நாங்கள் எங்காவது பார்த்திருப்போமா?

பார்த்திருப்பீர்கள். வீட்டில் சுண்ணாம்பு கரைத்து ஒரு ராத்திரி வைத்தால், காலையில் மேலே தெளிந்த நீர் நிற்கும். அதன் முகத்தில் பாலாடை போல ஒரு மெல்லிய ஏடு படிந்திருக்கும். விரலால் தொட்டால் பாலாடை மாதிரி சுருங்காது, நொறுங்கும். அதுதான் நீங்கள் பார்த்த முதல் கனிமச் சவ்வு. கீழே நீரில் கரைந்த சுண்ணாம்பு, மேலே காற்றிலிருக்கும் கரியமில வாயு. இரண்டும் சந்திக்கும் கோட்டில் கரையாத கால்சியம் கார்பனேட் உண்டாகிறது. ஏடு மூடியதும் வாயு உள்ளே இறங்குவது மட்டுப்படுகிறது. அதனால்தான் ஏட்டுக்குக் கீழே இருக்கும் நீர் நீண்ட நேரம் தெளிவாகவே இருக்கிறது.

கரைசலில் கரையாமல் திடமாகப் பிரிந்து வருவதை வீழ்படிவு என்கிறோம். அது தூளாக அடியில் விழாமல் தடுப்பாக நின்றால் வீழ்படிவுச் சவ்வு.

இரண்டு கரைசலைக் கலந்தால் கலங்கல்தானே வரும்? சுவர் எப்படி வருகிறது?

கலக்கினால் கலங்கல்தான் வரும். கலக்காமல் சந்திக்க விட்டால்தான் சுவர். இடப்பக்கமிருந்து ஓர் அயனி வருகிறது, வலப்பக்கமிருந்து அதன் இணை வருகிறது. சந்தித்த இடத்திலேயே இரண்டும் கைகோத்துத் திடமாகிவிடுகின்றன. அடுத்து வருபவை அந்தத் திடத்தைத் தாண்டினால்தான் சந்திக்க முடியும். எங்கே இன்னும் ஓட்டை இருக்கிறதோ அங்கேதான் கடக்க முடியும், அங்கேதான் மறுபடி சந்திப்பும் நடக்கும். ஆகவே ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் புது வீழ்படிவு விழுகிறது. கொத்தனார் யாரும் இல்லாமலே விரிசல் அடைபடுகிறது. தன்னைக் கட்டிய இரண்டு அயனிகளையும் தாண்டவிடாத அளவுக்கு அடர்த்தியானதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சவ்வின் தேர்வு குணம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதில்லை. அது பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

மிஸ், மயில்துத்தத்தில் வளர்த்துக் காட்டினீர்களே, அந்தப் பழுப்புப் பையை வீட்டில் செய்யலாமா?

பெரியவர் ஒருவர் கூட இருந்தால் செய்யலாம். வேண்டியது மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கட்டி ஒன்று, பொட்டாசியம் ஃபெரோசயனைடின் நீர்த்த கரைசல். நூறு மில்லி தண்ணீருக்கு மூன்று கிராம் போதும், வெளிர் மஞ்சளாக இருக்கும். கடையில் கேட்கும்போது ஒரு கவனம் வேண்டும்: ஃபெரோ என்றால் மஞ்சள் படிகம், ஃபெரி என்றால் சிவப்புப் படிகம். ஒருமுறை எனக்குச் சிவப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நானும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் மாடிக்கு வந்துவிட்டேன். அன்று பையே வரவில்லை, பிள்ளைகள் முகம் வாடிப்போயிற்று.

கண்ணாடி டம்ளரில் மஞ்சள் கரைசலை ஊற்றி, துவரம்பருப்பு அளவு மயில்துத்தத்தை மெல்லப் போடுங்கள். அப்புறம் டம்ளரை யாரும் அசைக்கக் கூடாது. சில நொடிகளில் நீலக் கட்டியைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு தோல் மூடும். அது காப்பர் ஃபெரோசயனைடு. உள்ளே மயில்துத்தம் கரையக் கரைய அடர்த்தி கூடும். வெளியிலிருந்து தண்ணீர் மட்டும் தோலைக் கடந்து உள்ளே வரும். பை உப்பும். ஓரிடத்தில் தாங்காமல் பிய்யும். பிய்ந்த வாயிலிருந்து நீல நீர் ஒரு இழை போலச் சீறி வெளியே வரும், வந்த கணமே அதன் மேலும் பழுப்புத் தோல் மூடிவிடும். இப்படியே உப்பிப் பிய்ந்து, மூடி, மறுபடி உப்பி, கால் மணி நேரத்தில் கடற்பாசி போல ஒன்று டம்ளரில் நிற்கும். பக்கவாட்டில் விளக்கு வைத்துக் குனிந்து பார்த்தால் அந்தப் பிய்தலையும் மூடுதலையும் கண்ணாலேயே பிடிக்கலாம். முதல் முறை பார்த்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், “உயிர் இருக்கா மிஸ்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

உயிர் இல்லை. ஆனால் 1867-ல் இதை விரிவாக ஆராய்ந்த மோரிட்ஸ் டிராபே என்ற ஜெர்மானியருக்கும் உயிர்ச் செல்லைப் பற்றிய யோசனைதான் இருந்தது. குடும்பத்தின் திராட்சை மது வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர் அவர். செல்லின் தோல் எப்படி உருவாகி வளர்கிறது என்பதற்கு ஒரு மாதிரி தேடித்தான் இந்தப் பைக்கு வந்து சேர்ந்தார்.

அப்படியானால் சவ்வு ஒரு சல்லடை. சின்னது போகும், பெரியது நிற்கும். இவ்வளவுதானே?

இல்லை. இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

டிராபேயின் சோதனைகளில் தெரியவந்தது இது. காப்பர் ஃபெரோசயனைடு சவ்வின் வழியே பொட்டாசியம் குளோரைடு கடந்துபோகிறது. பேரியம் குளோரைடு போகவில்லை, கால்சியம் குளோரைடும் போகவில்லை. பொட்டாசியம் சல்பேட்டும் போகவில்லை. உப்பு முழுசாக ஒரு மூலக்கூறாகச் சல்லடையில் விழுகிறது என்று நினைத்தால், எது பெரியது எது சின்னது என்று பட்டியல் போடுவதோடு கதை முடிந்துவிடும்.

1890-ல் வேதியியலர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் அதே பட்டியலை வேறு கண்ணால் பார்த்தார். பொட்டாசியம் குளோரைடு கடக்கிறது என்றால், பொட்டாசியம் அயனியும் கடக்கும், குளோரைடு அயனியும் கடக்கும். சரி, குளோரைடு கடக்கும் என்றால் பேரியம் குளோரைடு ஏன் நின்றது? பேரியத்தால் கடக்க முடியவில்லை. பொட்டாசியம் கடக்கும் என்றால் பொட்டாசியம் சல்பேட் ஏன் நின்றது? சல்பேட்டால் முடியவில்லை. ஆக, கடப்பதும் நிற்பதும் உப்பின் குணம் இல்லை, தனித்தனி அயனியின் குணம்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பேரியம் குளோரைடில் குளோரைடுக்கு வழி திறந்துதானே இருக்கிறது, அது மட்டும் ஏன் ஓடிவிடவில்லை? கல்யாண மண்டபத்துக்குத் தம்பதியாக வந்தவர்களில் ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டால் மற்றவர் இரண்டடி உள்ளே போய்விட்டுத் திரும்பிப் பார்ப்பார் அல்லவா, அப்படித்தான். கொஞ்சம் குளோரைடு அயனிகள் அந்தப் பக்கம் போய்விடும். போனதும் அங்கே எதிர் மின்னூட்டம் மிகுந்து, இங்கே நேர் மின்னூட்டம் மிகுந்துவிடும். அந்த இழுப்பு மற்றவற்றைப் பிடித்து நிறுத்தும். போனவை எண்ணிக்கையில் மிகமிகக் குறைவு, தராசில் தெரியாது. ஆனால் சவ்வின் இரண்டு பக்கமும் கம்பி வைத்தால் மின்னழுத்தமாகத் தெரியும்.

உப்பு நீர், ஒரு தடுப்பு, அதில் ஒரு தேர்வு. இந்த மூன்று போதும், மின்னழுத்தம் வந்துவிடும். நரம்பிலும் தசையிலும் மின்சார மீனிலும் எழும் மின்னோட்டங்களுக்கும் இதுவே விளக்கமாக இருக்கலாம் என்று ஆஸ்ட்வால்ட் அப்போதே எழுதினார். 1902-ல் உடலியலாளர் யூலியுஸ் பெர்ன்ஸ்டைன் நரம்புச் செல்லுக்கு அதை விரித்துச் சொன்னார். மயில்துத்தப் பையிலிருந்து நரம்புக்கு இவ்வளவு நேரான பாதை இருக்கிறது என்பதை என் கல்லூரி நாட்களில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் பல வருடம் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் குறை இன்னும் மனதில் இருக்கிறது.

துளையின் அளவு மட்டும் இல்லை என்றால் வேறு எது தேர்வு செய்கிறது?

சுவரின் மின்னூட்டம். கனிமத் துகளின் மேற்பரப்பு நீரில் பெரும்பாலும் நடுநிலையாக இருக்காது. எதிர் மின்னூட்டம் கொண்ட துளைக்குள் நேர் அயனிகள் எளிதாக நுழையும், எதிர் அயனிகள் விலக்கப்படும். சுவர் நேராக இருந்தால் இது தலைகீழாகும்.

ஆனால் சுவரின் கை எவ்வளவு தூரம் நீளும்? நீரில் உப்பு ஏற ஏற அந்தத் தூரம் சுருங்கும். சோடியம் குளோரைடு போன்ற உப்பு லிட்டருக்கு 0.001 மோல் இருந்தால் சுமார் 10 நானோமீட்டர். (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு, நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) 0.1 மோல் இருந்தால் சுமார் 1 நானோமீட்டர். கடல்நீரில் அரை நானோமீட்டர்கூட இல்லை. ஆகவே நீர்த்த கரைசலில் நன்றாகத் தேர்ந்து விட்ட சவ்வு, அடர்ந்த கரைசலில் கண்டபடி எல்லாவற்றையும் விட ஆரம்பிக்கும். பள்ளிக்கூடத் திட்டப்பணியில் சோதனை சரியாக வரவில்லை என்று என்னிடம் வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் உப்பை அள்ளிப் போட்டிருப்பார்கள்.

சவ்வில் நிலையாக ஒட்டிய மின்னூட்டத்தை வைத்துக் கணக்குப் போடும் முறையை 1935, 1936-ல் தியோரெல் ஒரு பக்கமும் மேயரும் சீவர்ஸும் மறுபக்கமும் உருவாக்கினார்கள். 1970-களில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில், பார்ச்மென்ட் தாளில் கனிம உப்புகளை வீழ்படிய வைத்து இதே வழியில் நிறைய அளந்திருக்கிறார்கள். தாளின் ஒருபுறம் ஓர் உப்பு, மறுபுறம் இன்னோர் உப்பு, காத்திருந்தால் தாளுக்குள்ளேயே சவ்வு. நம் ஊர்க் கல்லூரிகளிலும் செய்யக்கூடிய எளிய வேலை.

அந்த மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது? ஒரே பொருளுக்கு எப்போதும் ஒரே குறிதானா?

மாறும். வீழ்படிவு தன் சொந்த அயனிகளில் எது கரைசலில் மிச்சமிருக்கிறதோ அதைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். சில்வர் அயோடைடை எடுத்துக்கொள்ளுங்கள். அயோடைடு மிகுதியாக இருந்தால் அதன் மேற்பரப்பு எதிர், வெள்ளி அயனி மிகுதியாக இருந்தால் நேர். ஆக்சைடு, ஹைட்ராக்சைடு வகைகளில் நீரின் அமில கார நிலை தீர்மானிக்கும். அந்த நிலையைச் சொல்லும் எண்தான் பிஹெச்: 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம். சிலிக்கா பிஹெச் 2, 3-க்கு மேலே போனாலே எதிராகிவிடும். இரும்பு ஹைட்ராக்சைடு ஏறக்குறைய நடுநிலை வரை நேராகவே இருக்கும்.

சோடியம் சிலிக்கேட் கரைசலில் அன்னபேதி (இரும்பு சல்பேட்), மயில்துத்தம் போட்டு வளர்க்கும் வேதித் தோட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1646-லேயே கிளௌபர் என்ற ஜெர்மானிய வேதியியலர் எழுதி வைத்த விளையாட்டு அது. அந்தக் குழாயின் சுவரில் உள்முகம் உலோக ஹைட்ராக்சைடு மிகுந்தது, வெளிமுகம் சிலிக்கா மிகுந்தது. ஒரே சுவருக்கு இரண்டு முகம், இரண்டு குணம். உள்ளே அமிலச் சாயல், வெளியே கடும் காரம்.

பொட்டாசியமும் சோடியமும் ஒரே மின்னூட்டம்தானே? அவற்றை எப்படிப் பிரிக்கிறது?

ஒவ்வொரு அயனியும் நீரில் தனியாகத் திரிவதில்லை, நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் திரிகிறது. வெறும் அயனியாகப் பார்த்தால் சோடியத்தின் ஆரம் 0.10 நானோமீட்டர், பொட்டாசியத்துக்கு 0.14. போர்வையோடு பார்த்தால் சோடியம் 0.36, பொட்டாசியம் 0.33. சின்னவன் பெரிய போர்வை போர்த்தியிருக்கிறான். இடுக்கமான வழியில் போர்வையைக் கழற்றினால்தான் நுழைய முடியும். கழற்றுவதற்கு ஆகும் ஆற்றல் மோலுக்குப் பொட்டாசியத்துக்குச் சுமார் 320 கிலோஜூல், சோடியத்துக்கு 400, மக்னீசியத்துக்கு 1,900. அதனால்தான் பெரும்பாலான இடுக்குகளில் பொட்டாசியம் முந்துகிறது, மக்னீசியம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

சீசியத்துக்குக் கழற்றும் செலவு இன்னும் குறைவு. நம் பழுப்புப் பையின் பொருளும் அதன் உறவுக்காரப் பொருட்களும் சீசியத்தைத் தேடிப் பிடித்துத் தங்கள் படிகக் கூட்டுக்குள் வைத்துக்கொள்ளும். கதிரியக்கக் கழிவுநீரிலிருந்து சீசியம்-137-ஐ எடுக்க இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். 1987-ல் பிரேசிலின் கொயானியா நகரில் கதிரியக்கச் சீசியம் வெளியே சிதறிய விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு மருந்தாகக் கொடுத்த பிரஷியன் நீலம் இதே குடும்பம்தான்.

ஆனாலும் நம் உடம்போடு ஒப்பிடக் கூடாது. செல்லின் சவ்வில் பொட்டாசியத்துக்கென்று இருக்கும் வழி, ஒரு சோடியத்தை விடுவதற்குள் ஆயிரத்துக்குக் குறையாத பொட்டாசியத்தை விட்டிருக்கும். வீழ்படிவுச் சவ்வு எதுவும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

வீட்டிலேயே அளந்து பார்க்க வழி உண்டா?

உண்டு, பொறுமை வேண்டும். டம்ளரில் வளரும் பை மெலிது, தொட்டால் போய்விடும். 1877-ல் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர் இதற்கு ஓர் அருமையான வழி கண்டார். மெருகு பூசாத பீங்கான் குடுவையின் நுண்துளைகளுக்குள் சவ்வை வளர்த்தார். பீங்கான் தாங்கிக்கொள்ளும், சவ்வு தேர்வு செய்யும். அப்படி அளந்ததில் 1 சதவீதச் சர்க்கரைக் கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தம் (சவ்வைக் கடந்து நீர் உள்ளே வருவதை நிறுத்தத் தேவையான அழுத்தம்) 53 சென்டிமீட்டர் பாதரசத்தை ஒட்டி வந்தது. அந்த எண்களை வைத்துத்தான் வேதியியலர் வான்ட் ஹாஃப் கரைசல்களுக்கும் வாயுக்களின் விதி பொருந்தும் என்று காட்டினார். 1901-ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு.

நாங்கள் பீங்கானுக்குப் பதில் பாட்டரி டவுனில் வாங்கிய சின்ன மண் குவளையை வைத்துக்கொண்டோம். முதல் இரண்டு குவளைகள் வீண். துளைகளில் காற்று அடைத்திருந்ததால் சவ்வு திட்டுத்திட்டாக வந்தது. மூன்றாவதைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, குமிழ் நின்ற பிறகு எடுத்தோம். உள்ளே ஃபெரோசயனைடு கரைசல், வெளியே மயில்துத்தக் கரைசல், இரண்டு நாள் அசைக்காமல். பிறகு பல தடவை கழுவினோம். விளிம்பில் ஒரு சில்லைப் பெயர்த்துப் பார்த்தபோது செம்மண் நிறத்துக்கு நடுவே முடி கனத்தில் கரும்பழுப்புக் கோடு தெரிந்தது. அந்தக் கோடுதான் சவ்வு.

இனி அளவு. லிட்டருக்கு 7.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து உள்ளே ஊற்றுங்கள். அதையே பத்து மடங்கு நீர்த்து வெளியே ஊற்றுங்கள். நகைப் பட்டறையில் கிடைக்கும் வெள்ளிக் கம்பித் துண்டு இரண்டைத் துணி வெளுக்கும் திரவத்தில் அரை மணி ஊறவைத்தால் கம்பி கறுத்து, மேலே சில்வர் குளோரைடு படியும். கழுவி, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வைத்து, மல்டிமீட்டரில் மில்லிவோல்ட் பாருங்கள்.

எண்ணைப் படிக்கும்போது ஏமாறக் கூடாது. இந்த ஏற்பாட்டில் கம்பிகளும் தங்கள் பங்குக்கு மின்னழுத்தம் தரும். சவ்வு எந்தத் தேர்வும் செய்யாவிட்டாலே சுமார் 55 மில்லிவோல்ட் வரும். நேர் அயனியை மட்டும் விடும் சவ்வு என்றால் அது 110 வரை ஏறும், எதிர் அயனியை மட்டும் விட்டால் சுழியை நோக்கி இறங்கும். சவ்வு வளர்க்காத வெறும் குவளையையும் கட்டாயம் அளங்கள். களிமண்ணுக்கே எதிர் மின்னூட்டம் உண்டு, அதுவும் கொஞ்சம் தேர்வு செய்யும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சவ்வின் வேலை. எங்கள் மூன்றாவது குவளை வெறும் குவளையைவிட மேலேயே நின்றது. பிள்ளைகள் மீட்டரைச் சுற்றி நின்று கத்தியதில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்தார்.

எங்கள் வீட்டு ஆர்.ஓ. இயந்திரமும் இதுவும் ஒன்றா?

கொள்கையில் உறவு, பொருளில் வேறு. ஆர்.ஓ.வில் இருப்பது பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் படலம், வேலை செய்யும் பகுதி மயிரிழையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1950-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் சிட்னி லோபும் சீனிவாச சவுரிராஜனும் செல்லுலோஸ் அசிடேட்டில் செய்த சவ்வுதான் இந்தத் தொழிலுக்கு வழி திறந்தது. சவுரிராஜன் என்ற பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் ஞாபகம் வந்துவிடும்.

கனிமச் சவ்வு ஆர்.ஓ.வுக்கு விரோதியாகவும் வரும். இங்கே காவிரி நீர் வராத நாட்களில் போர்வெல் நீர்தான். கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடின நீரை அழுத்திப் பிழியும்போது படலத்தின் முகத்தில் உப்பு திரண்டு, கால்சியம் கார்பனேட் ஏடாகப் படிந்துவிடும். கீசர் கம்பியில் காண்பதும் அதுவே.

போர்வெல் நீரில் ஃப்ளோரைடு பார்க்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. அளக்கும் மின்முனையின் நுனியில் இருப்பது லாந்தனம் ஃப்ளோரைடு படிகம், அதில் துளி யூரோபியம். வீழ்படிவு இல்லை, வளர்த்தெடுத்த ஒற்றைப் படிகம். ஆனால் தேர்வின் தத்துவம் அதேதான். படிகத்தில் ஃப்ளோரைடு இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாக இருக்கும், அந்தக் காலி இடத்துக்கு ஃப்ளோரைடு மட்டும் தாவித் தாவி நகரும். 1966-ல் ஃபிராண்டும் ராஸும் இதைச் செய்தார்கள். செறிவு பத்து மடங்கு மாறினால் 59 மில்லிவோல்ட் மாறும். அளவில் நெருங்கி வரும் ஹைட்ராக்சைடு மட்டும் அதை ஏமாற்றும், அதனால் நீரைப் பிஹெச் 5-க்கும் 6-க்கும் நடுவே வைத்துத்தான் அளப்பார்கள். குடிநீரில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், உச்சம் 1.5.

துருவும் ஒரு சவ்வுதானா?

ஆமாம், பொல்லாத சவ்வு. 1970-களின் பிற்பகுதியில் ஜப்பானில் சாகாஷிதாவும் நோரியோ சாத்தோவும் காட்டினார்கள்: இரும்பு ஹைட்ராக்சைடு வீழ்படிவு குளோரைடு போன்ற எதிர் அயனிகளுக்கு வழிவிடும். உப்புக் காற்றில் நிற்கும் இரும்பில் துரு மூடினாலும் குளோரைடு அதன் வழியே உள்ளே போய்த் திரண்டு, அடியில் அமிலத்தன்மையை ஏற்றி, அரிப்பை முடுக்கும். அதே துருவின் மேல் மாலிப்டேட், பாஸ்பேட் போன்றவை ஒட்டினால் அதன் குணமே மாறி நேர் அயனிகளுக்கு மட்டும் வழிவிட ஆரம்பிக்கும், குளோரைடு வெளியே நிற்கும். சென்னையில் கடலோரத்தில் வீடு வைத்திருக்கும் என் தங்கைக்கு இதைச் சொன்னபோதுதான் பாஸ்பேட் பூச்சு எதற்கு என்று அவளுக்கு விளங்கியது.

உயிர் இப்படித்தான் தொடங்கியது என்கிறார்களே, உண்மையா?

சாத்தியம் என்று வலுவாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், முடிந்த முடிவு இல்லை. பிள்ளைகளிடமும் அப்படியே சொல்வேன்.

வாதம் இதுதான். நம் செல்கள் ஒரு சவ்வின் இரண்டு பக்கமும் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) செறிவில் வேறுபாட்டை வைத்து ஆற்றல் எடுக்கின்றன. 1961-ல் பீட்டர் மிட்செல் சொன்னது, 1978-ல் நோபல் பரிசு பெற்றது. அந்த வேறுபாடு கடலடியில் இலவசமாகவே கிடைத்திருக்கலாம் என்றார் மைக்கேல் ரஸ்ஸல். பழைய கடல் லேசான அமிலம், இரும்பு நிறைந்தது. அடியிலிருந்து ஊறி வருவது கார நீர். இரண்டும் சந்தித்தால், நம் டம்ளரில் நடந்ததே பெரிய அளவில் நடந்து, இரும்பு சல்பைடு சுவர்கள் எழும்பியிருக்கும். பிஹெச்சில் மூன்று அலகு வேறுபாடு என்றால் சுமார் 180 மில்லிவோல்ட், இன்றைய செல்கள் வைத்திருக்கும் அளவை ஒட்டியது.

அப்படிப்பட்ட கார ஊற்றை 2000-ல் அட்லாண்டிக் கடலடியில் கண்டார்கள். லாஸ்ட் சிட்டி என்று பெயர். வெள்ளைக் கார்பனேட், புரூசைட் (மக்னீசியம் ஹைட்ராக்சைடு) தூண்கள், உயரமானது 60 மீட்டர், வெளிவரும் நீரின் பிஹெச் 9 முதல் 11 வரை. 2015-ல் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் லாரி பார்ஜின் குழு, இரும்புக் கனிமச் சவ்வுகளைத் தொடராக இணைத்து ஒரு எல்.இ.டி. விளக்கை எரியவைத்தது. 2024-ல் ஜப்பானின் ரிகென் நிறுவனக் குழு, மரியானா அகழிப் பகுதியின் ஷின்காய் ஊற்றிலிருந்து எடுத்த புரூசைட் கனிமமே அயனிகளைத் தேர்ந்து கடத்தி, செறிவு வேறுபாட்டை மின்னழுத்தமாக்குவதைக் காட்டியது. உயிரின் கையே படாத ஒரு கல் இதைச் செய்கிறது என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

தடையும் சொல்ல வேண்டும். செல்லின் சவ்வு 5 நானோமீட்டர் தடிமன். கடலடிச் சுவர்கள் அதைவிட ஆயிரம், லட்சம் மடங்கு தடித்தவை. அவ்வளவு தடிமனில் வேறுபாடு பரவி மழுங்கிவிடாதா என்ற எதிர்க்கேள்வி நியாயமானது.

சயனைடு என்ற பெயரே பயமாக இருக்கிறதே?

ஃபெரோசயனைடில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. உப்புப் பாக்கெட்டில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும், ஐ.என்.எஸ். 536 என்ற எண் கொண்ட பொருள் இதுதான், மிகச் சிறிய அளவில். ஆனால் அமிலத்தோடு சேர்க்கவே கூடாது, சூடுபடுத்தவும் கூடாது, நச்சு வாயு வரும். கழிவறை கழுவும் அமிலம் பக்கத்தில்கூட இருக்க வேண்டாம். குவளையைக் கொதிக்கவைப்பது கரைசல் ஊற்றுவதற்கு முன்னால் மட்டும். மயில்துத்தம் விழுங்கினால் விஷம், மீனுக்கும் விஷம். சிலிக்கேட் கண்ணில் பட்டால் எரித்துவிடும், கண்ணாடி அணியுங்கள். மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது போய்ச் சேரும் இடம் ஏரிதான். நாங்கள் மயில்துத்த மிச்சத்தில் இரும்பு ஆணிகளைப் போட்டு வைப்போம், செம்பு ஆணியின் மேல் படிந்துவிடும். ஃபெரோசயனைடு மிச்சத்தைத் தனிப் புட்டியில் சேர்த்துக் கல்லூரி ஆய்வகக் கழிவோடு கொடுத்துவிடுவோம்.

வளர்ந்த வேதித் தோட்டத்தை வைத்துக்கொள்ளலாமா மிஸ்?

வைத்துக்கொள்ளலாம். வெளியே எடுத்தால் உதிர்ந்துவிடும். சிலிக்கேட் கரைசலை மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாக இறக்கி எடுங்கள். அதே வேகத்தில் சாதாரண நீரைப் பாட்டிலின் பக்கச்சுவரில் ஒழுகவிட்டு நிரப்புங்கள். ஒரு மணி நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் கிளைகள் முறியும். மூடி போட்டு வெயில் படாத இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். என் அலமாரியில் ஒன்று ஆடி மாதத்திலிருந்து நிற்கிறது. அன்னபேதிக் கிளைகள் மட்டும் பச்சை போய்த் துரு நிறத்துக்கு வந்துவிட்டன.